பொங்கல் வாழ்த்து: அட்டையிலிருந்து போனுக்கு

பழைய முகவரி நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், யாருக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வாட்ஸ்அப் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் படம். இணையத்தில் கிடைக்கும் கரும்பும் பானையும் போட்ட படத்தை அப்படியே ஃபார்வர்டு செய்தால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள், அதே படம் அவர்களுக்கு ஏற்கெனவே நாலு பேரிடமிருந்து வந்திருக்கும். உங்கள் வீட்டு வாசல் கோலத்தையோ பிள்ளைகள் வரைந்ததையோ போட்டோ எடுத்து, கேன்வா மாதிரி ஒரு செயலியில் ஒரே வரி வாழ்த்து சேருங்கள். எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த ஃபான்ட்டில் தமிழ் இல்லை என்று அர்த்தம். முக்தா மலர், மீரா இனிமை போன்றவற்றுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

அனுப்பும்போது குரூப் வேண்டவே வேண்டாம், முப்பது பேர் பதிலுக்கு வாழ்த்தி எல்லார் போனும் அலறும். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள், ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், 256 பேர் வரை சேர்க்கலாம், பதில் உங்களுக்கு மட்டும் வரும். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போகும், மற்றவர்களுக்குத் தனித்தனியாக அனுப்ப வேண்டியதுதான். நெருங்கியவர்களுக்கு ‘அத்தை, முட்டிவலி பரவாயில்லையா?’ என்று ஒரு வரி கூடவே தட்டுங்கள்.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அட்டையே அனுப்புங்கள், ஜனவரி முதல் வாரத்திலேயே தபாலில் சேர்த்துவிடுங்கள்.