ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் டிரைவில் மேடேறும்போது செய்யக் கூடாதவை

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் பலர் செங்குத்தான மேட்டுக்கு முன்னால் நின்று சொல்வது இதுதான்: "கிளட்ச் தொல்லை இல்லை, டி-யில் போட்டு மிதித்தால் அதுவே ஏறிவிடும்." பாதி உண்மை. பாதி மேட்டில் இன்ஜின் அணைந்து திணறும் அபாயம் குறைவுதான். ஆனால் கியர்பாக்ஸுக்குக் கண் கிடையாது. உங்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பதை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. சரிவை உணரும் புதிய வண்டிகளுக்குக்கூட பத்தடி தள்ளி இருக்கும் பள்ளம் தெரியாது. அதனால் முக்கியமான முடிவுகளை நாம்தான் எடுக்க வேண்டும், அதுவும் ஏறத் தொடங்குவதற்கு முன்பே.

முதல் தவறு, இறங்கி நடந்து பார்க்காமல் ஏறுவது. உச்சியை நெருங்கும்போது கண்ணாடி வழியே பானெட்டும் வானமும் மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் பாதை இடதுபுறம் திரும்புகிறதா, எதிரே வேறு வண்டி வருகிறதா என்பது நடந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். ஏற முடியாமல் போனால் பின்னால் எப்படி இறங்குவது என்பதையும் அப்போதே பார்த்து வையுங்கள்.

அடுத்தது லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் நிலை. "முதலில் ஹையில் போய்ப் பார்ப்போம், முடியாவிட்டால் லோவுக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்ற நினைப்பு ஆபத்தானது. பெரும்பாலான வண்டிகளில் 4ஹெச்-இலிருந்து (நான்கு சக்கர ஹை ரேஞ்ச்) 4எல்-க்கு (நான்கு சக்கர லோ ரேஞ்ச்) மாற்ற வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட வேண்டும். சரிவின் நடுவில் இதைச் செய்யும்போது, விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் ஒரு கணம் நியூட்ரலைத் தாண்டித்தான் போகும். லிவர் அங்கேயே சிக்கிக்கொண்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. கியரை 'பி'-யில் (பார்க்) போட்டாலும் வண்டி நிற்காது, ஏனென்றால் 'பி' பூட்டுவது கியர்பாக்ஸின் வெளித்தண்டைத்தான், சக்கரத்தை அல்ல. நான் ஒருமுறை 'பி'-யை நம்பிப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி சத்தமே இல்லாமல் பின்னால் நகர்ந்தது. மூன்றடிதான் போயிருக்கும், ஆனால் அன்றிலிருந்து ஹேண்ட்பிரேக் போடாமல் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் லிவரைத் தொடுவதில்லை.

லோ ரேஞ்ச் வண்டிக்கு வண்டி மாறும். மாருதி சுசுகி ஜிம்னியில் அது சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். ஜீப் ராங்லர் ரூபிகானில் நான்கு மடங்கு. இது வெறும் பலத்துக்காக மட்டுமில்லை, கியர்பாக்ஸின் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரை இரண்டு மின்விசிறிகள் எதிரெதிரே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஓடினால், அது தள்ளும் காற்றில் மற்றதும் சுழலும். கன்வெர்ட்டரில் காற்றுக்குப் பதில் எண்ணெய். இன்ஜின் பக்கம் வேகமாகச் சுழன்று, சக்கரத்தின் பக்கம் கிட்டத்தட்ட நின்றுபோனால், இன்ஜினின் உழைப்பெல்லாம் அந்த எண்ணெயைச் சூடாக்குவதில்தான் போகும். ஹை ரேஞ்சில் ஆமை வேகத்தில் மேடேறுவது இதைத்தான் செய்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே வண்டியைச் சரிவில் நிறுத்தி வைப்பது இன்னும் மோசம். வழக்கமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் கியர் ஆயில் 120-ஐத் தாண்டினால் வேகமாகக் கெடத் தொடங்கும். டார்க் கன்வெர்ட்டருக்குப் பதில் தானே இயங்கும் கிளட்ச் உள்ள டூயல் கிளட்ச் அல்லது ஏஎம்டி வண்டியானால் எண்ணெய்க்குப் பதில் கிளட்சே தேயும். நிற்க வேண்டுமென்றால் பிரேக்கில் நில்லுங்கள். பிரேக்கை விட்டதும் வண்டி உருளாமல் பிடிக்கும் ஹில் ஸ்டார்ட் அசிஸ்ட் இருக்கிறதே என்பீர்கள். அது பொதுவாக இரண்டு மூன்று விநாடிதான் பிடிக்கும்.

சரி, 4எல் போட்டாயிற்று. அப்புறம் கியரை 'டி'-யிலேயே விட்டுவிடுவது அடுத்த தவறு. வண்டி கொஞ்சம் வேகமெடுத்ததும் கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போகும், இழுவை குறையும், வண்டி தளரும், பதறிப் போய் நாம் மிதிப்போம், அது சடாரென்று கீழ் கியருக்கு வரும். அந்த உதறலில் சக்கரம் பிடி விட்டுச் சுழலும். மேனுவல் மோடிலோ, 'எல்' அல்லது '2' என்ற நிலையிலோ கியரைப் பூட்டி வையுங்கள். பாறையும் கடும் சரிவுமாக இருந்தால் முதல் கியர். மண்ணும் சரளையுமாக இருந்தால் பல நேரம் இரண்டாவதே நல்லது. முதல் கியரின் அதிகப்படி விசை தளர்ந்த மண்ணில் சக்கரத்தைச் சும்மா சுழற்றிவிடும்.

கால் விஷயத்தில் இரண்டு வகைத் தவறுகளைப் பார்க்கிறேன். ஒன்று, ஓடி வந்து பாய்வது. வண்டி குதித்தால் சக்கரம் காற்றில் வேகமாகச் சுழன்று, தரையில் பட்டதும் திடீரெனப் பிடிக்கும். ஆக்சிலும், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் சிவி ஜாயின்ட்டும் உடைவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். மற்றது, சக்கரம் சுழலும் சத்தம் கேட்டதும் காலை முழுக்க எடுத்துவிடுவது. டிராக்ஷன் கன்ட்ரோல் வேலை செய்ய ஒரு விநாடி அவகாசம் வேண்டும். சுழலும் சக்கரத்தை அது பிரேக் போட்டுப் பிடித்து, பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசையைத் தள்ளும். டுக்டுக்கென்று சத்தம் கேட்கும்; அது பழுதல்ல. காலை ஆடாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் வண்டி ஊர்ந்து மேலே வந்துவிடும். டிஃப் லாக் (இடது, வலது சக்கரங்களை ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டுவது) இருந்தால் அதையும் மேட்டின் அடியிலேயே போட்டுவிடுங்கள்; சுழலும் சக்கரத்தில் போடுவது பல்லை உடைக்கும் வேலை.

மேட்டைக் குறுக்கே வெட்டி ஏறாதீர்கள். நேராக ஏறி வழுக்கினால் வண்டி பின்னால்தான் வரும். குறுக்காகப் போய் வழுக்கினால் பக்கவாட்டில் உருளும். கூரை கேரியரில் கனமான சாமான் இருந்தால் இன்னும் சுலபமாக உருளும்.

இனி, உண்மையிலேயே ஆளைக் கொல்லக்கூடிய தவறு. வண்டி முக்கால் மேட்டில் நின்றுவிட்டது, சக்கரம் சுழல்கிறது, ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அப்போது பலர் செய்வது இரண்டு: நியூட்ரலில் போட்டுப் பின்னால் உருளவிடுவது, இல்லையென்றால் திருப்பிக்கொண்டு இறங்கப் பார்ப்பது. நியூட்ரலில் இன்ஜின் பிடிப்பு போய்விடும், வெறும் பிரேக்கை நம்பி இறங்க வேண்டியதுதான். பிரேக் அழுந்திச் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை. திருப்பினாலோ, மேலே சொன்ன உருளல்தான்.

செய்ய வேண்டியது இது. பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். ஸ்டீரிங் நேராக இருக்கிறதா என்று ஜன்னல் வழியே முன் சக்கரத்தைப் பாருங்கள். பின்னால் ஆள் நிற்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 4எல்-இல் இருந்தபடியே 'ஆர்' (ரிவர்ஸ்) போடுங்கள். பிரேக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு நடை வேகத்தில் பின்னால் இறக்கும். வழுக்கத் தொடங்கினால் பிரேக்கை இன்னும் அழுத்தத்தான் கை கால் துடிக்கும். ஆனால் பிரேக்கைக் கொஞ்சம் விட வேண்டும். சக்கரம் உருண்டால்தான் ஸ்டீரிங் கேட்கும்.

இன்ஜின் அணைந்துவிட்டால் ஆட்டோமேட்டிக்கின் கதை வேறு. மேனுவலில் கியரில் விட்டால் அணைந்த இன்ஜினும் வண்டியைப் பிடிக்கும். இங்கே கியர்பாக்ஸின் எண்ணெய் பம்ப் இன்ஜினோடு சேர்ந்தே நின்றுவிடும். எண்ணெய் அழுத்தம் இல்லாததால் எந்தக் கியரும் பிடிக்காது. பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் உதவி ஒன்றிரண்டு அழுத்தலுக்குத்தான் வரும், அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக வைத்திருங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, 'பி'-யில் போட்டு ஸ்டார்ட் செய்து, 'ஆர்'-க்கு மாற்றி, பிறகு மேலே சொன்ன முறையில் இறங்குங்கள்.

டயர் காற்றைப் பற்றிச் சுருக்கமாக: சாலைக்கு அடித்த காற்றோடு மண் மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வண்டியைக் குறை சொல்லாதீர்கள். 20-25 பிஎஸ்ஐ-க்கு இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும். கம்ப்ரெஸர் கையில் இல்லையென்றால் இறக்க வேண்டாம்.

மேலே வந்ததும் சாவியைத் திருப்பி அணைத்துவிடாதீர்கள். சமமான இடத்தில் 'பி'-யில் சில நிமிடம் இன்ஜின் ஓடட்டும். சூடான கியர் ஆயில் கூலர் வழியே சுற்றி ஆறும். தார்ச்சாலைக்கு வந்ததும் பார்ட் டைம் (தேவைப்படும்போது மட்டும் போடும்) ஃபோர் வீல் டிரைவை எடுத்துவிடுங்கள். காய்ந்த சாலையில் திருப்பங்களில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும்; ஆனால் இரண்டும் ஒன்றாகப் பூட்டியிருப்பதால் உள்ளே முறுக்கேறும். லிவர் 2ஹெச்-க்கு (இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை) வர அடம்பிடிக்கிறதா? இழுத்து உடைக்க வேண்டாம். நேராகச் சில மீட்டர் பின்னால் எடுத்தால் முறுக்கு விட்டு, லிவர் சுலபமாக 2ஹெச்-க்கு வந்துவிடும்.