தூக்கத்திலிருந்து தொடங்குங்கள்

2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்த பிறகு, என் தம்பி வள்ளத்தின் பக்கமே போகவில்லை. "மனநல மருத்துவரைப் பார்ப்போம்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிக் காரியத்தைக் கெடுத்தவள் நான். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி மனம் ஒடுங்கிப் போனால், நீங்கள் முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். தூக்கம் கெட்டதைச் சொல்ல எவருக்கும் வெட்கமில்லை. மீன் நறுக்கிக்கொண்டே, முகம் பார்க்காமல் கேட்பது இன்னும் நல்லது.

இப்போது 14416 என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் இருக்கிறது. நள்ளிரவிலும் தமிழில் இலவசமாகப் பேசலாம். தயங்குகிறவருக்காக நீங்களே அழைக்கலாம்.

நேரில் காட்ட, நாகர்கோவில் அருகே உள்ள ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே கிளம்புங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தம்பியை எதற்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாய் என்று தெருவில் கேட்டவர்களிடம் முதலில் "வயிற்றுவலி" என்றேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். மறுவாரமே ஓர் அக்கா வந்து, அந்த ஆஸ்பத்திரிக்கு எந்தப் பஸ் என்று மெல்ல விசாரித்தார்.