சம்பளப் பைல் எப்படித் திறந்தது? சேர்வர் அனுமதிகளைக் கண்காணிக்கும் முறை

திருநெல்வேலியில் ஒரு கணக்காளர் அலுவலகத்தின் 14 கணினிகளையும் எல்லோரின் பைல்களும் இருக்கும் விண்டோஸ் பைல் சேர்வரையும் நான்தான் பராமரிக்கிறேன். அங்கே வேலை பழக வந்த தம்பி ஒருநாள் கூப்பிட்டார். "அண்ணை, இது எனக்குத் திறக்கக் கூடாதெல்லோ?" அவருடைய எக்செலில், கடைசியாகத் திறந்த பைல்களின் பட்டியலிலிருந்து சம்பளப் பைல் அப்படியே திறந்தது. சம்பளப் போல்டரில் அவருக்கு அனுமதியே இல்லை.

அந்தப் பைலைப் பொதுப் போல்டரில் தயாரித்து, பிறகு சம்பளப் போல்டருக்குள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் பைல் பழைய அனுமதிகளோடேயே போகும். கொப்பி செய்தால்தான் புதிய இடத்தின் அனுமதிகளை எடுக்கும். அன்றிலிருந்து நான் செய்வது இது.

முதலில் பவர்ஷெல்லில் (விண்டோஸில் கட்டளை எழுதும் திரை) கெற்-ஏசிஎல் கட்டளையால் எல்லாப் போல்டர், பைல்களின் அனுமதிகளையும் எடுத்து எக்செலில் சேமியுங்கள். ஷெயார் அனுமதியையும், அதாவது போல்டரை நெற்வேர்க்கில் பகிரும்போது கொடுப்பதையும், தனியாகக் குறியுங்கள். நெற்வேர்க்கால் வருபவருக்கு ஷெயார், என்ரிஎப்எஸ் (டிரைவிலேயே பைலுக்கும் போல்டருக்கும் இருக்கும் அனுமதி) இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

அடுத்தது ஓடிற், அதாவது யார் என்ன செய்தார் என்று பதிய வைப்பது. குரூப் பொலிசியில் (விண்டோஸின் விதிகளை அமைக்கும் இடம்) ஒப்ஜெக்ற் அக்சஸ் பகுதிக்குப் போய் பைல் சிஸ்ரம், பைல் ஷெயார் இரண்டையும் இயக்குங்கள். இது மட்டும் போதாது. போல்டரின் செக்கியூரிற்றி, அட்வான்ஸ்ட், ஓடிற்றிங் பக்கத்தில் 'சேஞ்ச் பேர்மிஷன்ஸ்', 'ரேக் ஓனர்ஷிப்' இரண்டுக்கும் சரி போட வேண்டும். வாசிப்பதற்கும் சரி போட்டுவிடாதீர்கள், லொக் (பதிவேடு) நிரம்பி, தேவையான பதிவு அழிந்துபோகும்.

இனி யாராவது அனுமதியை மாற்றினால் ஈவென்ற் வியூவரின் (விண்டோஸ் பதிவுகளைப் பார்க்கும் செயலி) செக்கியூரிற்றி லொக்கில் 4670 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். மாற்றியவரின் பெயரும் பழைய, புதிய அனுமதிகளும் அதில் இருக்கும். அனுமதிகள் குறியீடாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். புதியதில் ஒரு அடைப்புக்குறி 'டபிள்யூடி' என்று முடிந்தால் அது 'எவரிவன்'. அதே அடைப்புக்குள் முன்னால் 'ஏ' என்றும் நடுவில் 'எப்ஏ' என்றும் இருந்தால் எல்லோருக்கும் முழு அனுமதி, உடனே ஓடிப்போய்ப் பாருங்கள். ஷெயாரில் மாற்றம் என்றால் 5143.

ஆனால் இழுத்துப் போட்ட பைலுக்கு 4670 வராது, அனுமதி மாறவில்லையே. அதற்குத்தான் அந்த எக்செல். மாதத்தின் முதல் திங்கட்கிழமை பட்டியலைத் திரும்ப எடுத்து, பழையதோடு ஒப்பிடுகிறேன். சம்பளப் போல்டருக்குள் பொதுப் போல்டரின் குழு தெரிந்தால், சம்பளப் போல்டரின் அட்வான்ஸ்ட் பக்கத்தின் அடியில் உள்ள 'ரீபிளேஸ் ஓல்' பெட்டிக்குச் சரி போட்டு, உள்ளே இருப்பவை எல்லாம் அந்தப் போல்டரின் அனுமதிகளையே எடுக்கும்படி திருத்திவிடுகிறேன்.