பழைய பைக்கில் பிரேக் லைட் எரியவில்லையா? ஸ்விட்ச் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பிரேக் லைட் எரியவில்லை என்றதும் பலரும் முதலில் மாற்றுவது ஸ்விட்சைத்தான். பழைய வண்டிகளில் பல சமயம் ஸ்விட்ச் நன்றாகவே இருக்கும். எர்த்தோ (கரண்ட் வண்டியின் உலோக உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி), களிம்பு பிடித்த கப்ளரோதான் (ஒயர்களை இணைக்கும் பிளக்) தொல்லை தரும்.

கரண்ட் போகும் வழி தெரிந்தால் பாதித் தேடல் மிச்சம். பேட்டரியிலிருந்து பியூஸ், இக்னிஷன் ஸ்விட்ச் வழியாக வரும் ஒயர் கை பிரேக் ஸ்விட்சுக்கும் கால் பிரேக் ஸ்விட்சுக்கும் பிரிகிறது. இரண்டிலிருந்தும் வெளிவரும் ஒயர்கள் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து பின்னால் பல்புக்குப் போகின்றன. ஆகவே ஒரு பிரேக்கில் எரிந்து இன்னொன்றில் எரியாவிட்டால் பல்ப், பியூஸ், எர்த் மூன்றும் சரி. எரியாத பக்கத்து ஸ்விட்சையும் அதன் ஒயரையும் மட்டும் பாருங்கள். அந்த ஸ்விட்சின் இரண்டு ஒயரையும் கழற்றி நேரடியாக இணைத்துப் பாருங்கள், லைட் எரிந்தால் ஸ்விட்ச் போய்விட்டது என்று அர்த்தம்.

இரண்டிலுமே எரியவில்லையென்றால் பல்பிலிருந்து தொடங்குங்கள். 12 வோல்ட் வண்டிகளில் வழக்கமாக வருவது 21/5 வாட் பல்ப். உள்ளே இரண்டு இழைகள்: 5 வாட் டெயில் லைட்டுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. டெயில் லைட் எரிவதால் பிரேக் இழையும் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பல்பின் இரு பக்கப் பின்களும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். தேய்ந்த ஹோல்டரில் அழுத்தித் திருப்பினால் பக்கம் மாறியும் உட்கார்ந்துவிடும். அப்போது டெயில் லைட் எப்போதும் பிரகாசமாக எரியும், பிரேக் பிடித்தால் ஒளி கூடுவது தெரியாது. 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்ப் மாட்டியிருந்தால் மங்கலாகத்தான் எரியும்.

பல்ப் சரி என்றால் ஹோல்டருக்கு வாருங்கள். இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். ஒயர் உள்ளே அறுந்து ஒரே ஒரு செம்பு இழை பிடித்துக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். 21 வாட் பல்ப் கேட்பது ஏறக்குறைய 1.75 ஆம்பியர், அதை இழுக்கும்போது அந்த வோல்ட் சரிந்துவிடும். எனவே ஒரு 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு, சாவியைப் போட்டு, பிரேக் பெடலைக் கயிற்றால் கட்டி அழுத்தி வையுங்கள். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஹோல்டரின் அடியில் உள்ள பிரேக் முனையிலும் வையுங்கள். நன்றாக எரிந்தால் பாசிட்டிவ் பக்கம் சரி. இப்போது நெகட்டிவில் வைத்த முனையை ஹோல்டரின் உலோகக் கூட்டுக்கு மாற்றுங்கள். எரியவில்லை அல்லது மங்குகிறது என்றால் பிசகு எர்த்தில். (எர்த்தில் பாசிட்டிவ் இணைத்த மிகப் பழைய வண்டிகளும் உண்டு, அவற்றில் முனைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.)

பிரேக் பிடிக்கும்போது டெயில் லைட் மங்குவதும், இண்டிகேட்டரோடு சேர்ந்து பிரேக் லைட் மினுக்குவதும் எர்த் கெட்டதன் அடையாளங்கள். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் பக்கத்து இழை வழியாக வழி தேடுகிறது. பெயிண்ட் அடித்த மட்கார்டும் துருப்பிடித்த போல்ட்டும் நல்ல எர்த் ஆகாது. ஹோல்டர் கூட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றைத் தனியாக இழுப்பதுதான் நிலையான தீர்வு. பிறகு லைட் எரியும்போது கூட்டுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஹோல்டரையும் கப்ளரையும் நயமான உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, தொய்ந்த ஸ்பிரிங்கைச் சற்று இழுத்துவிடுங்கள்.

லைட் அணையவே இல்லையென்றால் பெரும்பாலும் கால் பிரேக் ஸ்விட்சின் அட்ஜஸ்ட்மெண்ட்தான். ஸ்விட்ச் உடலைக் கையால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். உடலைத் திருப்பினால் ஒயர்கள் முறுக்கி அறும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே லைட் எரிய வேண்டும். பெடல் ஃப்ரீ பிளேயை (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் சரிபாருங்கள்.

பிரேக் பிடித்தால் பியூஸ் போகிறதா? பெரிய பியூஸ் போடாதீர்கள், ஒயர் எரியும். பின் பல்பைக் கழற்றிவிட்டு, பியூஸ் இடத்தில் அதே 21 வாட் டெஸ்ட் லேம்பை மாட்டி, பிரேக்கை அழுத்துங்கள். லேம்ப் பளிச்சென்று எரிந்தால் ஒயர் எங்கோ ஃப்ரேமைத் தொடுகிறது. ஒயரை இடம் இடமாக அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தை அசைக்கும்போது லேம்ப் அணைகிறதோ, உரசல் அங்கேதான். மட்கார்டில் ஒயர் நுழையும் ஓட்டை, சீட்டின் அடி, ஹேண்டில் திரும்பும் கழுத்து ஆகியவற்றை முதலில் பாருங்கள்.