மேட்டூர் அணையில் விட்ட மீன்குஞ்சுக்குக் கணக்குக் கேட்பது எப்படி?

நாள் முழுக்கத் தூண்டில் போட்டும் ஜிலேபி மீனைத் தவிர எதுவும் கடிக்கவில்லை என்ற கோபம் நியாயமானது. ஆனால் "அணையில் மீனே இல்லை" என்று மனு கொடுத்தால், "இத்தனை லட்சம் குஞ்சுகள் இருப்புச் செய்யப்பட்டன" (அதாவது, வளர்வதற்காக அணையில் விடப்பட்டன) என்று ஒரு வரியில் பதில் வந்து விஷயம் முடிந்துவிடும். என்ன அளவுக் குஞ்சு, எந்தத் தேதியில், நீர்மட்டம் எத்தனை அடி இருந்தபோது, எந்தப் பரிசல் துறையில் விடப்பட்டது? இந்த நான்கும் தெரியாமல் அந்த லட்சத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் உங்கள் பக்கத்துக் கணக்கு. மீன்வளத்துறை அலுவலகத்தில் அனுமதி விவரத்தைக் கேட்டுக்கொண்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதத் தொடங்குங்கள்: தேதி, இடம் (பண்ணவாடி, கோட்டையூர் என்று துறையின் பெயரோடு), தூண்டில் போட்ட நேரம், எடுத்த நேரம், எத்தனை தூண்டில், என்ன இரை, அன்றைய நீர்மட்டம். மாட்டிய ஒவ்வொரு மீனுக்கும் இனம், நீளம், எடை. நீர்மட்டம் தினமும் செய்திகளில் வருகிறது.

பலர் தவறுவது ஒரே இடத்தில்தான்: மீன் மாட்டிய நாளை மட்டும் எழுதுகிறார்கள். வெறுங்கையோடு திரும்பிய நாளும் நோட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் "ஒரு தூண்டிலுக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை மீன்" என்ற எண் கிடைக்கும். நான்கைந்து பேர் ஒரே மாதிரி, குறைந்தது ஓராண்டு எழுதுங்கள். இருப்பு செய்த கட்லா பிடிக்கும் அளவுக்கு வளரவே ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையில் அணைக்குப் பொறுப்பான அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் மீன் இல்லை?" என்று கேட்காதீர்கள், கையில் உள்ள ஆவணத்தைத்தான் அவர்கள் தர வேண்டும், விளக்கத்தை அல்ல. கடந்த மூன்று ஆண்டுகளுக்கு, தேதிவாரியாக, இருப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள்: இனம், எண்ணிக்கை, சராசரி நீளம், எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, எங்கே விடப்பட்டது, எண்ணிக்கையை எப்படிக் கணக்கிட்டார்கள். கூடவே உரிமம் பெற்ற மீனவர்கள் பிடித்த மீனின் மாதவாரி, இனவாரி கணக்கும், வலைக்கண் அளவு பற்றிய உரிம நிபந்தனையும். ஆண்டு மொத்தத்தை மட்டும் கேட்டால் ஆண்டு மொத்தம்தான் வரும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீரவில்லையென்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

பதில் கைக்கு வந்ததும் இருப்புத் தேதிகளையும் நீர்மட்டத்தையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். உண்மை பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படும். மட்டம் முழு அளவான 120 அடியைத் தொட்டு 16 கண் மதகில் உபரிநீர் போகும் காலத்துக்குச் சற்று முன் விட்ட குஞ்சுகளில் ஒரு பங்கு தண்ணீரோடு காவிரியில் இறங்கிவிடும். பண்ணவாடியில் அணை நீரில் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயில் நந்தி தலைகாட்டும் அளவுக்குத் தண்ணீர் வற்றும் முன் விட்டாலோ, ஒடுங்கிய நீரில் வாளைக்கும் வலைக்கும் இரை.

குஞ்சின் அளவு இன்னும் முக்கியம். நீர்த்தேக்கத்துக்கு 100 மி.மீ.க்கு மேற்பட்ட விரலிதான் (விரல் நீளத்துக்கு வளர்ந்த குஞ்சு) ஏற்றது. ஆடி, ஆவணியில் பொரித்த கட்லா, ரோகு அந்த நீளத்துக்கு வர இரண்டு மூன்று மாதம் நாற்றங்கால் குளத்தில் தீனி போட்டு வளர்க்க வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்துச் சிறு குஞ்சை விட்டால் பதிவேட்டில் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், அணையில் மீன் இருக்காது.

மனுவில் ஒரு கோரிக்கை போதும்: உபரிநீர் நின்ற பிறகு, 100 மி.மீ. விரலியாக, மீனவர்கள் முன்னிலையில் விட வேண்டும். உரிம மீனவர்களையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். அணை அவர்களுக்குப் பிழைப்பு. அவர்களைக் குறைசொல்லும் மனு பாதி வழியிலேயே நின்றுவிடும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் நோட்டின் நகலோடு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

குஞ்சு விடும் நாளில் அடிக்கோலோடு போங்கள். குஞ்சுகள் வரும் பிளாஸ்டிக் பையிலிருந்து ஐம்பது குஞ்சை ஈரத் தட்டில் வாங்கி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்து, உடனே தண்ணீரில் விடுங்கள். பைகள் கட்டுப் பிரிக்காமல் 15 முதல் 20 நிமிடம் அணை நீரில் மிதக்க வேண்டும். பிறகு பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அணை நீரை விட்டு, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியேற விட வேண்டும். உச்சி வெயிலில் லாரியிலிருந்து அப்படியே கொட்டினால் சூட்டு வித்தியாசம் தாங்காமல் குஞ்சுகள் பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு மேலே மிதக்கும். மறுநாள் விடியும் முன், கொக்கு வருவதற்குள் அதே கரைக்குப் போய், ஒதுங்கிய குஞ்சுகளை எண்ணிப் படமெடுத்து, தேதியோடு நோட்டில் எழுதிவிடுங்கள்.