நண்பர்களுடன் முதல் கூடாரப் பயணம்: பேச்சு தொடங்குவது முதல் கணக்கு முடிப்பது வரை

நண்பர்கள் சேர்ந்து போகும் பயணம் மழையால் கெடுவது குறைவு. யார் எவ்வளவு தூரம் நடப்பார், யாரால் எவ்வளவு செலவழிக்க முடியும், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதையெல்லாம் யாரும் முன்கூட்டிப் பேசாததால்தான் பெரும்பாலும் கெடுகிறது. மலையும் காடும் ஏரிக்கரையும் எங்கேயும் போய்விடாது. பேசிக்கொள்ளாமல் கிளம்பிய நட்பு கசந்துபோனால் சரியாக வெகுகாலம் ஆகும். ஆகவே இந்த விளக்கத்தில் பொருள்களைவிட மனிதர்களுக்கே முதலிடம் தருகிறேன். இரண்டு இரவு, மூன்று நாள், கூடாரத்தில் தங்கி நடக்கும் சிறு பயணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

படி 1: ஆள்களை முடிவு செய்யுங்கள், இடத்தைப் பிறகு

முதல் பயணத்துக்கு நான்கு முதல் ஆறு பேர் போதும். நான்குக்குக் குறைய வேண்டாம் என்பதற்கு மலையேறுபவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: ஒருவருக்கு அடிபட்டால் இன்னொருவர் துணைக்கு இருக்க, மீதி இருவர் சேர்ந்து உதவி தேடிப் போகலாம், யாரும் தனியாக நிற்க வேண்டியதில்லை. ஆறுக்கு மேல் போனால் ஒவ்வொரு சிறு முடிவுக்கும் ஒரு கூட்டம் நடத்த வேண்டியிருக்கும்.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரே நாளில் நீங்கள் அதிகபட்சம் நடந்தது எவ்வளவு? இந்தப் பயணத்துக்கு எவ்வளவு வரை செலவழிக்க முடியும்? உடல்நலத்தில் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா? குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்டால் உண்மையான பதில் வராது. பணம் குறைவாக இருப்பவரும் முழங்கால் வலி உள்ளவரும் தலையாட்டிவிடுவார்கள். வந்த பதில்களில் மிகக் குறைந்த தூரமும் மிகக் குறைந்த தொகையும்தான் உங்கள் திட்டத்தின் எல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அந்த எல்லைக்குள் நல்ல இடங்கள் எப்போதும் கிடைக்கும்.

படி 2: பணத்தை முதலிலேயே பேசி, எழுதி வையுங்கள்

செலவை இரண்டாகப் பிரியுங்கள். வண்டி, கூடார வாடகை, தங்குமிட அனுமதிக் கட்டணம், எரிவாயு, பொதுச் சமையல் ஆகியவை பொதுச் செலவு. ஆளுக்குச் சமமாகப் பங்கு. ஒருவர் மட்டும் விரும்பிச் செய்வது, உதாரணமாகப் படகுச் சவாரி, அவரவர் செலவு. பொதுச் செலவுக்கு எல்லோரும் சம தொகை போட்டு ஒரே நபரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் மட்டும் செலவழித்து, அன்றன்றைக்கே எழுதட்டும். ஆளாளுக்குக் கட்டிவிட்டுக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தக் கடைசி வருவதே இல்லை.

பலர் மறக்கும் விஷயம், ஒருவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் என்ன செய்வது என்பது. எளிய விதி ஒன்றை முதல் நாளே குழுவில் எழுதிப் போடுங்கள்: ஏற்கெனவே கட்டிவிட்ட தொகையில் அவர் பங்கை அவரே ஏற்க வேண்டும், மாற்று ஆள் கிடைத்தால் மட்டும் அது திரும்பக் கிடைக்கும். யார் வராமல் போவார் என்று தெரியாத நாளில் இதைச் சொன்னால் யாருக்கும் உறுத்தாது.

படி 3: நேரத்தைக் கணக்கிடுங்கள்

நடைபயணத்தில் புதியவர்கள் பெரிதும் தவறுவது இங்கேதான். வரைபடத்தில் 12 கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். ஏற்றம் கணக்கிலேயே வருவதில்லை.

ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம். அதோடு ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு, 2 மணி 24 நிமிடத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்து 3 மணி 24 நிமிடம் வரும். ஆனால் இது பழகிய கால்களுக்கு, ஓய்வில்லாமல் நடந்தால் ஆகும் நேரம். முதல்முறை போகும் குழுவுக்கு இதில் பாதியை மேலும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஏறக்குறைய 5 மணி நேரம். சாப்பிட முக்கால் மணி நேரம்.

இப்போது பின்னோக்கி எண்ணுங்கள். மாலை 6 மணிக்குச் சூரியன் மறைகிறது என்றால் 4 மணிக்குக் கூடாரம் போடும் இடத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் காலை 10 மணிக்குள் நடக்கத் தொடங்கியாக வேண்டும். எட்டரைக்கே தொடங்கினால் வழியில் ஓர் ஓடையைப் பார்த்து உட்கார நேரம் கிடைக்கும். திரும்பும் நேரத்தையும் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். சிகரம் அருகிலேயே தெரிந்தாலும் குறித்த மணி வந்தால் திரும்பிவிட வேண்டும்.

நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வேகமாக நடப்பவர்கள் முன்னே போய் ஒரு பாறையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். மெதுவாக வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், “வந்துவிட்டாயா, போகலாம்” என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காமல் போகிறது. கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக நடப்பவரை முன்வரிசையில் விட்டு, அனுபவமுள்ள ஒருவர் கடைசியில் வரட்டும். பாதை பிரியும் இடத்திலெல்லாம் எல்லோரும் ஒன்றுசேர்ந்த பிறகே நகருங்கள்.

படி 4: கூடாரத்தை வீட்டருகில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

வாங்கியதோ வாடகைக்கு எடுத்ததோ, இருட்டில் மழைத் தூறலில் முதன்முறையாகப் பிரிக்காதீர்கள். ஒரு மாலை நேரத்தில் திறந்த இடத்தில் விரித்து, கம்பிகளும் முளைகளும் கயிறுகளும் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். முளையைச் செங்குத்தாக அடிக்காமல், தலைப்பகுதி கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். காற்று கயிற்றை இழுக்கும்போது அது எளிதில் பிடுங்கிக்கொள்ளாது. மேலே போடும் மழைத்துணி உள்துணியைத் தொடாதபடி இறுக்கிக் கட்டுங்கள். தொட்டால் நாம் விடும் மூச்சு ஈரமாகப் படிந்து, காலையில் படுக்கை நனைந்திருக்கும்.

இடம் தேர்வு செய்யும்போது, வறண்டு கிடக்கும் ஓடைப் படுகை எவ்வளவு சமமாக இருந்தாலும் வேண்டாம்; மேலே எங்கோ பெய்யும் மழை இரவில் அங்கே வந்து சேரும். தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது. குளிர் எவ்வளவு இருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

படி 5: குளிருக்கும் தண்ணீருக்கும் தயாராகுங்கள்

உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அடிவார ஊரின் வானிலை அறிக்கையைப் பார்த்துத் துணி எடுத்து வைத்தால் மேலே நடுங்க வேண்டியதுதான். உறங்கும் பையில் இரண்டு வெப்பநிலைகள் போட்டிருந்தால், சுகமாகத் தூங்குவதற்கான அளவை மட்டும் பாருங்கள். மற்றொன்று, குறுகிப் படுத்துச் சமாளிப்பதற்கானது. அடியில் விரிக்கும் மெத்தையை ஆடம்பரம் என்று விட்டுவிடாதீர்கள். நம் எடையில் பையின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுவதால், தரைக்கும் முதுகுக்கும் இடையே குளிரைத் தடுப்பது அந்த மெத்தைதான்.

நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் அரை லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயிலில் இன்னும் அதிகம். ஓடைத் தண்ணீரை நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள். அடுத்து வருபவரும் அதே ஓடையில்தான் தண்ணீர் எடுப்பார்.

படி 6: வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்

போகும் பாதை, தங்கும் இடங்கள், திரும்பும் நாள், எந்த மணிவரை தகவல் வராவிட்டால் யாருக்குத் தொலைபேச வேண்டும் என்ற நான்கையும் பயணத்துக்கு வராத ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். ஆளுக்கு ஒரு விசில் இருக்கட்டும். மலைகளில் உதவி கேட்கும் சர்வதேசச் சைகை: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால், கேட்டுவிட்டார்கள் என்று பொருள். இரவில் கைவிளக்காலும் இதையே செய்யலாம்.

படி 7: வெளிநாடு என்றால் கூடுதலாகச் சில

நண்பர்கள் எல்லோரிடமும் ஒரே நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். விசா விதி ஆளுக்கு ஆள் மாறலாம், அவரவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும். பல நாடுகள் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. வாடகைக் கார் ஓட்டும் எண்ணம் இருந்தால், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் உரிமத்தை வழங்கிய நாட்டிலேயே, கிளம்பும் முன் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. போய்ச் சேர்ந்த பிறகுதான் வாங்க வேண்டும். ஆகவே உங்கள் அடுப்பில் பொருந்தும் குப்பி அங்கே கிடைக்குமா என்று முன்பே விசாரியுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே. பொதுவான வரம்பு 100 வாட் மணி, அதாவது ஏறக்குறைய 27,000 மில்லி ஆம்பியர் மணி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் காலணியிலும் கூடாரத்திலும் ஒட்டியிருக்கும் மண்ணைக்கூடச் சோதிக்கிறார்கள். கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள்; கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

பயணக் காப்பீட்டில் மலையேற்றம் அடங்குகிறதா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று படித்துப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போவதாக இருந்தால், உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள்; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குங்கள். ஒருவருக்குத் தலைவலியோடு குமட்டலும் வந்தால், அது உயரத்தால் வரும் நோயாக இருக்கலாம்; மேலே ஏறக் கூடாது. தொல்லை கூடினால் உடனே இறங்க வேண்டும். அந்த நண்பர் “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் நீங்கள் கேட்காதீர்கள். அவரைத் தனியாக இறங்கவும் விடாதீர்கள்.

படி 8: திரும்பிய பிறகு

கூடாரத்தை அன்றோ மறுநாளோ விரித்து, தையல் மடிப்புகள் வரை காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நாற்றம் எடுக்கும். உறங்கும் பையை அதன் இறுக்கமான உறைக்குள் அடைத்து வைக்காமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள். பணம் வைத்திருந்தவர் இரண்டு நாளுக்குள் கணக்கைக் குழுவில் போட்டு, மீதம் இருந்தால் பங்கிட்டுத் தந்துவிடட்டும். குறைந்திருந்தால் மற்றவர்கள் அவர் கேட்கும் முன்பே அனுப்பிவிடுங்கள்.