தீ விபத்துக் களத்தில் யார் கையில் கட்டளை, யார் கண்ணில் கண்காணிப்பு: பிரிட்டன் முறை, படிப்படியாக

பிரிட்டனில் தீயணைப்பு வண்டிகள் வரிசையாக நிற்கும் தெருவில் பல நிற மேலங்கிகள் தெரியும். வெள்ளை அணிந்தவர் இன்சிடென்ட் கமாண்டர். களம் முழுவதும் அவர் பொறுப்பு. சிவப்பு என்றால் ஒரு பகுதியைக் கவனிக்கும் செக்டர் கமாண்டர். நீலம் பாதுகாப்பு அதிகாரி. சிவப்பு-வெள்ளைக் கட்டம் போட்டவர்கள் கமாண்டருக்கு உதவும் கமாண்ட் சப்போர்ட் ஆட்கள். மஞ்சள்-கறுப்புக் கட்டம் என்ட்ரி கன்ட்ரோல் ஆபிசர்; மூச்சுக் கருவியோடு உள்ளே போனவர்களின் கணக்கு இவரிடம்தான் இருக்கும். புகையிலும் இரைச்சலிலும் முகம் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, நிறம் பார்த்துவிடலாம்.

ஆறு மாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடி எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி வந்து நிற்பதிலிருந்து தொடங்கலாம்.

படி 1: முதலில் வந்தவரே கமாண்டர்

பதவி சிறியதோ பெரியதோ, முதல் வண்டியின் பொறுப்பாளர் இறங்கிய நொடியிலிருந்து களம் அவருடையது. பெரும்பாலும் க்ரூ மேனேஜர் (ஒரு வண்டிக் குழுவின் தலைவர்) அல்லது வாட்ச் மேனேஜராக (ஒரு பணிமுறைக் குழுவின் தலைவர்) இருப்பார். பயிற்சியில் கட்டளைக்கு நான்கு நிலைகள் உண்டு. இவர் முதல் நிலை. எத்தனை வண்டி சேர்ந்தால் எந்தப் பதவிக்காரர் வர வேண்டும் என்பது தீயணைப்புச் சேவைக்குச் சேவை மாறும்.

அவர் செய்ய வேண்டிய முதல் வேலை நடப்பது. கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் திட்டம் போட்டால், பின்பக்க ஜன்னலில் கை அசைக்கும் ஆள் தெரியாமலே போவார். முழுச் சுற்று முடியாவிட்டால் பின்பக்கத்துக்கு ஒருவரை அனுப்பி வானொலியில் சொல்லச் சொல்ல வேண்டும். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்: எரியும் ஜன்னல் கண்ணை இழுக்கும், கால் அங்கேயே நின்றுவிடும்.

படி 2: கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி

கூடுதல் வண்டி வேண்டுமென்றால் மொத்த எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இரண்டு வந்திருக்க, மேலும் இரண்டு தேவையானால் 'பம்ப் நான்கு ஆக்குங்கள்' என்பதே முறை (பம்ப் என்றால் தீயணைப்பு வண்டி). 'இன்னும் இரண்டு' என்று சொன்னால், வழியில் வந்துகொண்டிருப்பவை அதில் சேர்ந்ததா இல்லையா என்று குழப்பம் வரும்.

பிறகு விவரச் செய்தி: யார் பேசுகிறார், எந்த முகவரி, எத்தனை மாடி, தோராய நீள அகலம், எதற்குப் பயன்படும் கட்டடம், எது எரிகிறது, எத்தனை நீர்க்குழாய், எத்தனை மூச்சுக் கருவி. கடைசியாகப் போர்முறை. ஆள் உள்ளே போய் வேலை செய்தால் 'ஆஃபென்சிவ்', வெளியே நின்றே அடக்கினால் 'டிஃபென்சிவ்'. ஒரு செக்டர் இப்படி, இன்னொன்று அப்படி என்றும் இருக்கலாம். முறை மாறும்போது எல்லோருக்கும் சொல்லியே ஆக வேண்டும். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் வெளியிலிருந்து பெரிய குழாயைத் திறந்தால் நீராவியும் சூடும் அவர்கள் மேல் திரும்பும்.

படி 3: செக்டர் பிரிப்பது

கட்டடத்தின் முகப்பு செக்டர் 1. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் 2, 3, 4. உயரமான கட்டடமானால் உள்ளுக்குள்ளும் பிரிவு உண்டு: தீ எரியும் பகுதிக்கு ஒரு செக்டர், அதற்கு மேலுள்ள மாடிகளைத் தேடுவதற்கு ஒன்று, கீழே லாபிக்கு ஒன்று.

கமாண்டரிடம் நேரடியாகப் பேசும் ஆட்கள் ஐந்தைத் தாண்டக் கூடாது. ஆறாவது ஆள் வரும்போது கமாண்டர் கேட்பதுபோலத் தலையசைப்பார், மனதில் பதியாது. எண்ணிக்கை ஐந்தை நெருங்கும்போதே நடுவில் ஒருவரை வைத்துப் பிரித்துவிட வேண்டும்.

படி 4: மூச்சுக் கருவிப் பலகை

களத்தில் மிக நுணுக்கமான கண்காணிப்பு இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உள்ளே போகும் ஒவ்வொருவரின் கருவியிலும் பெயர்த் தகடு தொங்கும். தகட்டோடு சேர்ந்த சாவியை உருவினால்தான் அபாய ஒலிக் கருவி விழிப்பு நிலைக்கு வரும். அதன்பின் ஆள் சிறிது நேரம் அசையாவிட்டால் தானாகவே அலறும். தகட்டைப் பலகையில் செருகி, காற்றழுத்தம், நுழைந்த நேரம், இடம், வேலை ஆகியவற்றை என்ட்ரி கன்ட்ரோல் ஆபிசர் எழுதுவார்.

அடுத்தது விசில் நேரம், அதாவது காற்று குறைந்து கருவியின் எச்சரிக்கை விசில் அடிக்கும் நேரம். 6.8 லிட்டர் உருளை, 300 பார் அழுத்தம்: 2040 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 50 லிட்டர் என்று கணக்கிட்டால் சுமார் 40 நிமிடம். எச்சரிக்கை விசில் 60 பாரில் அடிக்கும் கருவியானால் அந்தக் கடைசி 8 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். மிச்சம் 32. இரவு 10:10-க்கு நுழைந்தவருக்கு விசில் 10:42-க்கு. அதற்குள் அவர் பலகைக்குத் திரும்பியிருக்க வேண்டும். விசில் கேட்ட பிறகுதான் கிளம்புவது என்றால் பிழைக்க வைத்திருந்த காற்றில் வேலை செய்கிறார் என்று பொருள்.

உருளை 280 பாரில் இருந்தால் சுமார் 30 நிமிடம்தான். ஜோடியில் ஒருவருக்கு 300, மற்றவருக்கு 280 என்றால் இருவருக்கும் கணக்கு 280.

இந்த எண்கள் தாளில் மட்டுமே சரி. குழாயை இழுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுபவர் நிமிடத்துக்கு 80 லிட்டர் இழுத்தால் அதே 32 நிமிடம் 20 ஆகிவிடும். அதனால்தான் உள்ளிருப்பவர்கள் அடிக்கடி அழுத்தமானியைப் பார்த்து வானொலியில் சொல்ல வேண்டும். ஆபிசர் பலகையில் திருத்த வேண்டும். திரும்பும் அழுத்தத்துக்கு எளிய வழி: நுழைந்த அழுத்தத்தையும் விசில் அழுத்தத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 280-ம் 60-ம் சேர்ந்தால் 340, பாதி 170. அந்த எண்ணைத் தொடும்போது திரும்பியாக வேண்டும். திரும்பும் வழி கடினமானால் அதற்கும் முன்பே.

பலகை பொய்யாகிற வழிகள் மூன்று. ஒன்று, கைக்கு ஆள் போதவில்லை என்று ஆபிசரையே குழாய் பிடிக்கக் கூப்பிடுவது. இதற்கு யார் கூப்பிட்டாலும் மறுக்க வேண்டும். இரண்டு, வேறு வாசல் வழியாக வெளியே வந்து தகட்டை எடுக்காமல் தேநீர் குடிக்கப் போவது. பலகையின்படி அவர் இன்னும் உள்ளே இருக்கிறார், அவரைத் தேடி இருவர் உயிரைப் பணயம் வைப்பார்கள். மூன்று, பலகைக் கடிகாரமும் கைக்கடிகாரமும் ஒத்துப்போகாதது. அழுத்தத்தைத் தானே அனுப்பும் மின்னணுப் பலகைகள் இப்போது உண்டு. ஆனால் அடித்தளத்திலும் தடித்த கான்கிரீட்டுக்கு உள்ளேயும் சமிக்ஞை அறுந்துபோகும், ஆகவே கையால் எழுதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

விசில் நேரம் தாண்டியும் ஆள் வரவில்லை, வானொலியிலும் பதில் இல்லை என்றால், தயாராக நிற்கும் அவசரக் குழுவை உடனே உள்ளே அனுப்பி, கமாண்டருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் 'பிஏ எமர்ஜென்சி' (மூச்சுக் கருவி அணிந்தவருக்கு ஆபத்து) அறிவிக்க வேண்டும். 'இன்னும் ஒரு நிமிடம் பார்க்கலாம்' என்ற பேச்சே கூடாது.

படி 5: கண்காணிக்கும் மேலதிகாரி

தீ பெரிதாகும்போது வாட்ச் மேனேஜருக்கு மேல் பதவியில் உள்ள ஒரு ஸ்டேஷன் மேனேஜரோ குரூப் மேனேஜரோ கண்காணிப்பு அதிகாரியாக வருவார். அவர் வந்ததாலேயே கட்டளை கைமாறிவிடாது.

வந்ததும் கமாண்ட் சப்போர்ட்டில் பெயரைப் பதிந்து, கண்காணிப்பாளராக வந்திருப்பதைச் சொல்ல வேண்டும். பிறகு தனியாக ஒரு சுற்று. கண்ணுக்குத் தெரிவதும் கமாண்ட் சப்போர்ட் பலகையில் உள்ள திட்டமும் பொருந்துகிறதா? செக்டர்கள் போதுமா? அதன்பின் கமாண்டரிடம் கேள்விகள். தீயணைப்பு அதிகாரியும் உளவியல் ஆய்வாளருமான சப்ரினா கோஹன்-ஹாட்டன் உருவாக்கத்தில் பங்கேற்ற முடிவெடுக்கும் முறையிலிருந்து மூன்று கேள்விகள் இங்கே கைகொடுக்கும்: இதை ஏன் செய்கிறோம்? செய்தால் என்ன நடக்கும் என்று நினைக்கிறோம்? கிடைக்கும் பலன் அபாயத்துக்கு ஈடானதா?

பதில் தெளிவாக வந்தால் விலகி நிற்கலாம். தடுமாறினால் தாழ்ந்த குரலில், குழுவினர் காதில் விழாமல், வழிகாட்டலாம். போதவில்லை என்றால் பொறுப்பை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். இவை தவிர நான்காவதாக ஒன்று நடக்கும், அதுதான் ஆபத்து: கமாண்டரைத் தாண்டி, வழியில் பார்த்த குழுவிடம் 'அந்தக் குழாயை இங்கே கொண்டு வா' என்று சொல்லிவிட்டுப் போவது. அந்த நொடியில் களத்தில் இரண்டு கமாண்டர்கள், இரண்டு திட்டங்கள். பாதிக் கட்டளையைவிட முழு மௌனம் மேல்.

அதற்காக, தவறு கண்முன் நடக்கும்போது 'நான் பார்க்க வந்தவன்' என்று ஒதுங்கவும் முடியாது. மேலதிகாரிக்குப் பொறுப்பு அங்கேயும் உண்டு.

படி 6: கைமாற்றம்

பொறுப்பேற்பவர் கேட்க வேண்டியவை: நடந்தது என்ன, இப்போதைய திட்டம் என்ன, போர்முறை எது, உள்ளே எத்தனை பேர், தெரிந்த அபாயங்கள், வரவிருக்கும் வண்டிகள், கணக்கில் வராத குடியிருப்பாளர்கள். கேட்டு முடித்ததும் வெள்ளை மேலங்கி மாற வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்கு 'இப்போது கமாண்டர் இன்னார்' என்று செய்தி போக வேண்டும். நேரத்தோடு பதிவாக வேண்டும். முந்தைய கமாண்டருக்கு ஒரு வேலை கொடுங்கள். களத்தை அதிகம் அறிந்தவர் அவர்தான்.

படி 7: களத்துக்கு வெளியிலிருந்து வரும் தகவல்

லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று முதல் அழைப்பு அதிகாலை 12:54-க்கு. 24 மாடிக் குடியிருப்புக் கட்டடம், தீ தொடங்கியது நான்காம் மாடியில், முதலில் பொறுப்பேற்றவர் ஒரு வாட்ச் மேனேஜர். உள்ளே சிக்கியவர்கள் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தகவல்கள் பல கை மாறி, துண்டுத் தாள்களில் எழுதப்பட்டு, ஆட்கள் ஓடிச் சுமந்து கோபுரத்துக்குள் போயின. 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்ற அறிவுரை 2:47-க்குத்தான் கைவிடப்பட்டது. 1:30-க்கும் 1:50-க்கும் இடையிலேயே வெளியேற்ற முடிவெடுத்திருக்க வேண்டும் என்றது மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் முதல் அறிக்கை. இறந்தவர்கள் 72 பேர்.

ஆகவே, சிக்கியவர்களின் அழைப்புகளுக்கென்றே தனியாக ஒருவரை வையுங்கள். எந்த மாடி, எந்த எண், எத்தனை பேர், புகை நிலை, கடைசியாகப் பேசிய நேரம், யார் அனுப்பப்பட்டார், முடிவு என்ன என்று ஒரே பலகையில் இருக்கட்டும். கண்காணிப்பு அதிகாரி அந்தப் பலகையின் எதிரே நின்று, திட்டம் அதற்கு ஏற்ப மாறுகிறதா என்று பார்த்தால் அதுவே பெரிய உதவி.

கடைசியாக 'ஸ்டாப்' செய்தி. இனி வண்டி வேண்டாம் என்பதே அதன் பொருள். தீ அணைந்தது என்பதல்ல. ஸ்டாப் சொல்லி இரண்டு மணி நேரம் கழித்தும் உள்ளே ஆள் வேலை செய்வார்கள். கடைசித் தகடு உரியவர் கைக்குப் போகும் வரை பலகையைச் சுருட்ட வேண்டாம்.